ஓணானும் ஆழ்கடற் சுறாவும்

'ஓணானுக்கு வேலி சாட்சி. வேலிக்கு ஓணான் சாட்சி' என்பது நம் பழமொழி. ஒருவர் குற்றத்தை மற்றவர் மறைப்பதை இகழவே இதனை எடுத்தாள்கிறோம். இன்று இதனை வேறொரு பொருளில் நோக்குவோம். காண்பார் உள்ள உயிரின் நிலை எத்தகையது? காண்பார் இல்லாத உயிரின் நிலை எத்தகையது?

கொக்குவிலில் எந்த ஒழுங்கையில் நடந்தாலும் வேலியில் ஓணானைக் காணலாம். 1802ஆம் ஆண்டில் இதற்கு அறிவியற் பெயரிட்ட பிரெஞ்சு அறிஞர் டோடென், 'நிறம் மாறுவது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லையே சூட்டினார். இனம் பெருக்கும் காலத்தில் ஆணின் தலையும் கழுத்தும் சிவந்து விளங்கும். பெண்ணைக் கவர்தற்கும் பகையை விரட்டுதற்கும் அந்நிறமே கருவி. போரில் தோற்றால் நிறம் மங்கிவிடும். வெயில் உள்ளவிடத்தேதான் இக்கருவி பயன்படும்.

நம் பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது. ஆயின், இந்து சமுத்திரத்தின் ஆழ்ந்த சரிவுகளில், பலநூறு மீற்றர் கீழே, சென்றோபோரசு என்னும் இனச் சுறாக்கள் வாழ்கின்றன. அங்கே வண்ணத்துக்கு வேலையில்லை. உடல் சாம்பல் அல்லது கபில நிறமே. கண்கள் மாத்திரம் பெரியவை, பச்சையாய் ஒளிர்வன. சுறாவுக்குக் காற்றுப்பை இல்லை. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரலே அது நீரில் அமிழாது காக்கிறது. அந்த ஈரலே அதற்குக் கேடாயிற்று. அதிலுள்ள ஸ்குவாலீன் என்னும் பொருளை முகப்பூச்சுக்களிற் சேர்க்கின்றனர்.

ஓணான் ஒரு முறையிற் பத்து, இருபது முட்டைகள் இடும். இச்சுறாவோ பல்லாண்டு வளர்ந்த பின்னரே கருவுற்று, நெடுங்காலம் சுமந்து, மிகச் சில குட்டிகளையே ஈனும். ஒன்றே ஈனுவனவும் உண்டு. ஆகவே, பிடித்தழித்தால் மீளப் பெருகுவது அரிது. அயலிலுள்ள மாலைதீவில் 1980களில் ஈரல் எண்ணெய்க்காக இவற்றைப் பெருவாரியாகப் பிடித்தனர். சில ஆண்டுகளிலேயே பிடிபாடு சரிந்தது. 2010இல் அந்நாடு சுறா பிடித்தலையே தடைசெய்தது.

ஓணானுக்குச் சிறுவன் சுருக்கு வைத்தால், 'விடடா தம்பி' என்று சொல்ல வழிப்போக்கர் ஒருவர் வருவார். ஆழ்கடலில் அவ்வாறு சொல்வார் எவரும் இலர். ஸ்குவாலீனை ஒலிவ எண்ணெயிலிருந்தும் பெறலாம். பூச்சு வாங்கும்போது அது எதிலிருந்து வந்தது என்று கேட்பது நம்மால் இயலும். கண்ணிற் படாத உயிருக்காகவும் பரிந்து கேட்கப் பழகுவோமாக.