சுஜாதாவும் நம் இல்லத்துத் தமிழும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நாம், இம்மேடையில் விஞ்ஞானம் பேச முன்வந்திருக்கின்றோம். அந்தத் துணிவை நமக்குத் தந்தவர் எழுத்தாளர் சுஜாதா.

1935-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் திருவல்லிக்கேணியில் பிறந்த ரங்கராஜன், திருவரங்கத்தில் வளர்ந்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் பயின்றார். துணைவியாரின் பெயரையே புனைபெயராகக் கொண்டார். 1968-இல் குமுதத்தில் தொடராக வந்த 'நைலான் கயிறு' அவருக்குப் புகழ் தேடித் தந்தது. அதில் தோன்றிய வழக்கறிஞர் கணேஷும், பின்னர் வந்து சேர்ந்த குறும்புக்கார வசந்தும் தமிழர் இல்லந்தோறும் உறவினர் போலாயினர்.

அவர் நம் பெங்களூர்வாசியாக நெடுங்காலம் வாழ்ந்தவர். ஜாலஹள்ளியிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக அமர்ந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பெரும் பங்காற்றினார். அலுவல் முடிந்தபின் எழுதினார். 'கொலையுதிர் காலம்' என்னும் நாவலில், நடப்பது பேயின் வேலையா விஞ்ஞானத்தின் வேலையா என்று வாசகரைத் திகைக்க வைத்தார். 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்னும் இயந்திர நாயைப் படைத்து, எதிர்காலத்துச் சர்வாதிகாரத்தை நம் கண்முன் நிறுத்தினார். 'ஏன்? எதற்கு? எப்படி?' பகுதியில் எளியோர் கேட்ட வினாக்களுக்கும் விடையளித்தார். விஞ்ஞானத்தை மக்களிடம் பரப்பியமைக்காக 1993-இல் மத்திய அரசின் விருது பெற்றார். 2008 பிப்ரவரி 27-இல் மறைந்தார்.

அன்பர்களே! பிழைப்புக்காக அயல் மாநிலம் வந்தோர்க்குத் தாய்மொழியைப் பேண நேரமில்லை என்பது நாம் அடிக்கடி கூறும் சமாதானம். ஓயாத அலுவலுக்கிடையே அவர் எழுதிக் குவித்த நூல்களே அதற்கு மறுமொழி. நம் மர்பி டவுன் வீடுகளில் தமிழ் பேசும் பிள்ளைகளுள் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கன்னடமும் ஆங்கிலமும் அவர்கள் கட்டாயம் கற்க வேண்டியவை. அதில் குறை காண்பாரில்லை. எனினும் படிக்கப்படாத மொழி, அடுத்த தலைமுறையில் பேசப்படவும் மாட்டாது.

ஆதலின் நாம் வேண்டுவது ஒன்றே. ஞாயிறுதோறும் சுஜாதாவின் கதையில் ஒரு பக்கத்தைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். விறுவிறுப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள். கொலையாளி யாரென அறியும் ஆவலே அவர்களை எழுத்துக்கூட்டிப் படிக்கச் செய்யும்.