முதலும் ஈறும் இடையும்: சொல் கலைக்கும் நிரலும் தமிழ் எழுத்தும்



நிரலாக்கம் பயிலத் தொடங்குவோர்க்குத் தரப்படும் பயிற்சிகளுள் ஒன்று, சொல்லின் உள்ளெழுத்துகளைக் கலைப்பதாகும். முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் நின்ற இடத்திலேயே நிற்க, இடையில் உள்ளவற்றைச் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்து அடுக்க வேண்டும். அவ்வாறு கலைக்கப்பட்ட ஓர் ஆங்கிலப் பத்தி 2003இல் மின்னஞ்சல் வழியே உலகெங்கும் பரவியது. பலர் அதைத் தடையின்றிப் படித்தனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு என்று அதில் கூறப்பட்டிருந்தது. அத்தகைய ஆய்வு அங்கு நிகழவில்லை. இப்பொருளில் 1976இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் முனைவர்பட்ட ஆய்வு செய்தவர் கிரகாம் ராலின்சன் என்பவர்.

இப்பயிற்சியைத் தமிழில் செய்து பார்த்தால் என்ன நிகழும் என்பதே நம் கேள்வி. நாம் கூடியிருக்கும் இக்கெடா மண்ணைக் குறிக்கும் பழம்பெயரையே எடுத்துக்கொள்வோம்: கடாரம். முதலாம் இராசேந்திர சோழனைக் 'கடாரங்கொண்டான்' என அழைக்கச் செய்த பெயர் இது. இதில் எத்தனை எழுத்துகள் என்று இரண்டாம் ஆண்டு மாணவரைக் கேட்டால், க, டா, ர, ம் என விரல்விட்டு எண்ணி, நான்கு என்பார். பைத்தான் மொழியில் நீளத்தைக் கேட்டால் ஆறு என விடை வரும்.

இருவரும் எண்ணுவன வெவ்வேறு பொருள்கள். கணினி இன்று தமிழைச் சேமிப்பது ஒருங்குறி முறையில். 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இந்திய மொழிகளுக்கென 1988இல் வகுக்கப்பட்ட குறியேற்றத் தரத்தைத் தழுவி, அகரமேறிய மெய்க்கு ஒரு குறி, உயிர்க்குறி ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி, புள்ளிக்கு ஒரு குறி எனத் தமிழ் அதில் அமைந்தது. எனவே கடாரம் என்பது கணினிக்குள் க, ட, கால், ர, ம, புள்ளி என ஆறு குறிகளாக நிற்கிறது.

ஆங்கிலத்திற்கு எழுதிய நிரலை இச்சொல்லின்மீது அப்படியே ஏவினால், முதலில் நிற்கும் ககரத்தையும் ஈற்றில் நிற்கும் புள்ளியையும் அது காத்துக்கொண்டு, எஞ்சிய நான்கையும் கலைக்கும். கால் ககரத்தை ஒட்டி, மகரமும் ரகரமும் இடம் மாறினால் கிடைப்பது 'காடமர்'. நிரலின் கணக்கில் முதலும் ஈறும் மாறவில்லை. நம் கண்ணுக்கோ முதலெழுத்து 'கா' ஆகவும், ஈற்றெழுத்து 'ர்' ஆகவும் மாறிவிட்டன. காலும் புள்ளியும் அடுத்தடுத்து வந்தாலோ, எந்த எழுத்தும் ஆகாத உருவம் திரையில் தோன்றும்.

இதற்குத் தீர்வு எளியது. உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் முன்நிற்கும் குறியோடு சேர்த்துக்கொள்க. வேறு எது வந்தாலும் புதிய எழுத்தைத் தொடங்குக. இந்த ஒரு விதியால் ஆறு குறிகள் நான்கு எழுத்துகளாகும். இதன்பின் கலைத்தால் 'கரடாம்' என ஒழுங்காக வரும். இவ்வாறு எழுத்தாகப் பிரித்துத் தரும் பணியை 'ஓப்பன் தமிழ்' என்னும் பைத்தான் நிரல்தொகுப்பும் செய்கிறது. ஆயினும் மாணவர் ஒருமுறையேனும் இவ்விதியைத் தம் கையால் எழுதிப் பார்த்தல் நன்று. உயிர்மெய் என்றால் என்ன என்பது அப்போது மனப்பாடமாக இராது, அறிவாகும். 'விகடகவி' என்னும் சொல்லைக் கணினியைக்கொண்டு பின்னிருந்து முன்னாகத் திருப்பச் செய்தும் இதைச் சோதிக்கலாம். எழுத்தெண்ணித் திருப்பினால் அதே சொல் வரும். குறியெண்ணித் திருப்பினால் வாராது.

எழுத்தைச் சரியாகப் பிரித்த பின்னும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. 'பள்ளத்தாக்கு' என்னும் சொல்லை அவ்விதிப்படி கலைத்தால் 'பதாள்க்ளத்கு' என வரக்கூடும். இது நாவில் ஏறாது. காரணத்தை நம் இலக்கணம் முன்னரே கூறியுள்ளது. மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் எவை, ஈற்றில் வருவன எவை, இடையில் எந்த மெய்யோடு எந்த மெய் மயங்கும் என்பவற்றைத் தொல்காப்பியர் நூன்மரபிலும் மொழிமரபிலும் வரையறுத்தார். நன்னூலார் எழுத்தியலில் முதல், ஈறு, இடைநிலை என அவற்றை முறைப்படுத்தினார். இப்பயிற்சி சொல்லைப் பகுக்கும் பகுப்பும் அம்மூன்றே. மெய்யை அதனை அடுத்த உயிர்மெய்யிலிருந்து பிரிக்காமல், ப, ள்ள, த்தா, க்கு எனக் கொண்டு கலைத்தால் 'பத்தாள்ளக்கு' எனக் கிடைக்கும். பொருளற்ற சொல்லே ஆயினும் தமிழோசை கெடாதது.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துச் சிறுசொற்கள் மிகுதி. அவை கலைத்தாலும் மாறா. ஆதலால் பத்தி படிக்க எளிதாகிறது. தமிழோ ஒட்டுநிலை மொழி. 'தோட்டத்திலிருந்து' என்னும் ஒரு சொல்லுக்குள் பெயரும் சாரியையும் உருபும் அடுத்தடுத்து நிற்கின்றன. உள்ளெழுத்தைக் கலைத்தால் அவை எல்லாம் ஒன்றோடொன்று குழம்பும். அதேவேளை கெடா, கூலிம், பீடோங் போன்ற ஊர்ப்பெயர்களில் கலைப்பதற்கே இடமில்லை. ரோமன் எழுத்தில் கெடாவுக்கு ஐந்தெழுத்து, தமிழில் இரண்டே.

இவ்வளவும் ஒரு விளையாட்டைப் பற்றித்தானே என்று எண்ணலாகாது. இம்மாநிலத்தில் பாட்டனார் பால்மரம் வெட்டினார்; தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் குடும்பங்கள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் பெயர்ந்தன; 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் பேரப்பிள்ளைகள் பணிபுரிகின்றனர். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு நிறைவுறுகிறது. இடைநிலைப் பள்ளியில் தமிழ் ஒரு பாடம் மட்டுமே. நிரலாக்கம் வேறு மொழியில் அறிமுகமாகிறது. அங்கே ஒரு மாணவர் ஆர்வத்தால் தம் பெயரைத் தமிழில் இட்டு நிரலை ஓட்டுகிறார். எழுத்துகள் சிதைகின்றன. 'தமிழ் கணினிக்கு ஒத்துவராது' என்ற முடிவுக்கு அவர் வர ஒரு நொடி போதும். அம்முடிவு தவறு என்று எடுத்துக்காட்ட வல்லவர் தமிழாசிரியரே. குறையுடையது மொழியன்று, எழுத்து எது என்று நிரலுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவே.

ஆதலால் ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது ஒன்று. உயிர்மெய்யும் மெய்ம்மயக்கமும் நடத்தும் நாளில், கரும்பலகையிலேனும் இப்பயிற்சியைச் செய்து காட்டுங்கள். கணினி இல்லாவிடினும் எழுத்தட்டைகள் போதும். மாணவர்களே, நீங்கள் எழுதும் முதல் நிரல்களுள் ஒன்று தமிழ் எழுத்தைச் சரியாக எண்ணுவதாக இருக்கட்டும்.