பம்பர்ல ஒரு விரிசல்: க்ளைம் போடலாமா, கைக்காசுல முடிக்கலாமா?

இந்த எபிசோட் கார் வச்சிருக்கிறவங்களுக்கு. பைக் ஓட்டுறவங்களும் கேக்கலாம், சதவீதக் கணக்கு அங்கேயும் இதேதான், தொகைதான் சின்னது.

விஷயம் இதுதான். என் டீம்ல ஒருத்தர், அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல ரிவர்ஸ் எடுக்கும்போது கார் தூண்ல இடிச்சு பின் பம்பர் விரிசல் விட்டுடுச்சு. சர்வீஸ் சென்டர்ல 13,000 ரூபாய் எஸ்டிமேட். பம்பர் 6,000, பெயின்ட் 5,000, லேபர் 2,000. கூடவே ஒரு ஆலோசனை: "சார், ஃபுல் இன்சூரன்ஸ் இருக்குல்ல, க்ளைம் போட்டுடலாம். உங்க கையில இருந்து நாலாயிரத்துச் சொச்சம்தான் வரும்." அவருக்கு சந்தோஷம். வருஷா வருஷம் பிரீமியம் கட்டுறோம், இப்பவாவது உதவட்டுமேன்னு நினைச்சார். நியாயமான எண்ணம்தான். ஆனா மீதிப் பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனி உங்களுக்குச் சும்மா கொடுக்கல. அதுல பெரும்பகுதியை அடுத்த அஞ்சு வருஷத்துல உங்ககிட்டயே திரும்ப வாங்கிடும். அது பிரீமியம்ங்கிற பேர்ல வர்றதால நாம கவனிக்கிறதே இல்ல.

முதல்ல பாலிசியைப் பிரிச்சுப் பாருங்க. ரெண்டு பகுதி இருக்கும். ஒண்ணு தேர்ட் பார்ட்டி, அதாவது உங்க கார் மத்தவங்களுக்கு ஏற்படுத்துற பாதிப்புக்கு. சட்டப்படி கட்டாயம், கட்டணத்தை அரசாங்கமே நிர்ணயிக்குது. 2022 ஜூன்ல அமலுக்கு வந்த அறிவிப்புப்படி 1,000 சிசிக்கு மேல 1,500 சிசி வரைக்கும் உள்ள தனியார் காருக்கு வருஷம் 3,416 ரூபாய். க்ளைம் போடாததுக்குத் தள்ளுபடிங்கிற பேச்சே இதுல கிடையாது. ரெண்டாவது ஓன் டேமேஜ், உங்க சொந்த காருக்கு. நோ க்ளைம் போனஸ், சுருக்கமா என்சிபி, இந்த ரெண்டாவது பகுதிக்கு மட்டும்தான்.

ஒரு வருஷம் க்ளைம் இல்லாம ஓட்டினா 20 சதவீதம் தள்ளுபடி. ரெண்டு வருஷம்னா 25, மூணு வருஷம்னா 35, நாலுக்கு 45, அஞ்சுக்கு 50. அதுக்கு மேல ஏறாது. ஒவ்வொரு படியா அஞ்சு வருஷம் ஏறணும். இறங்குறது மட்டும் ஒரே அடி: நடுவுல ஒரு க்ளைம் போட்டா, 50ல இருந்தாலும் நேரா பூஜ்யம். 3,000 ரூபாய் க்ளைமா, 3 லட்சம் ரூபாய் க்ளைமாங்கிறதெல்லாம் கணக்கே இல்ல. இந்த அமைப்பை எழுதினவங்க கோட் ரிவ்யூவுக்கு வந்தா நான் அப்ரூவ் பண்ண மாட்டேன். ஆனா விதி இதுதான்.

இப்ப கணக்குக்கு வருவோம். என்சிபி கழிக்கிறதுக்கு முன்னாடி உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய்னு வச்சுக்குவோம். நீங்க 50 சதவீதத்துல இருக்கீங்க, அதனால கட்டுறது 5,000. க்ளைம் போட்டா அடுத்த ரினியூவல்ல 10,000 கட்டணும். அதுக்கப்புறம் 8,000, 7,500, 6,500, 5,500. ஆறாவது ரினியூவல்லதான் பழைய 5,000க்குத் திரும்ப வருவீங்க. நடுவுல கூடுதலா கட்டினதைக் கூட்டினா 5,000, 3,000, 2,500, 1,500, 500. மொத்தம் 12,500. அதுக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா 14,750 ரூபாய்.

நிறைய பேர் முதல் வருஷத்து 5,000ஐ மட்டும் பார்த்துட்டு, "அஞ்சாயிரம் போகுது, எட்டாயிரம் வருது, லாபம்தானே"னு முடிவு பண்ணிடுறாங்க. மீதி நாலு வருஷம் கண்ணுலயே படாது.

இதே கணக்கைப் புது கார் வச்சிருக்கிறவருக்குப் போடுங்க. முதல் வருஷம், இன்னும் எந்த போனஸும் இல்ல. க்ளைம் போடலன்னா அவர் 20, 25, 35, 45, 50னு ஏறியிருப்பார். போட்டதால ஒரு வருஷம் தாமதமா ஏறுவார். வித்தியாசம் மொத்தமா 5,000, ஜிஎஸ்டியோட 5,900. அதே கீறல், அதே பிரீமியம், ஆனா இவருக்கு ஆகிற நஷ்டம் பாதிக்கும் கீழ.

உங்க கணக்குக்கு ஒரு குறுக்குவழி சொல்றேன். என்சிபிக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியத்தை எடுங்க. இப்ப 45 அல்லது 50 சதவீதத்துல இருந்தா 1.25ஆல பெருக்குங்க. 35ல இருந்தா 1.2, 25ல இருந்தா 1.05, 20ல இருந்தா 0.8, இன்னும் போனஸே இல்லன்னா 0.5. அதுதான் ஒரு க்ளைமோட உண்மையான விலை, ஜிஎஸ்டி தனி. கார் பழசாக ஆக ஐடிவி குறையும், அதனால பிரீமியமும் கொஞ்சம் குறையும், நிஜத் தொகை இதைவிடக் கம்மியாகலாம். க்ளைம் வரலாறு பார்த்து கம்பெனி அடிப்படை ரேட்டையே ஏத்தினா கூடவும் ஆகலாம். முடிவெடுக்க இந்த அளவு துல்லியம் போதும்.

அடுத்து, க்ளைம் போட்டா கைக்கு எவ்வளவு வரும்? பில் 13,000ன்னா 13,000 வராது. சாதாரண பாலிசியில பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பாங்க. இன்னைக்கு பம்பர் எல்லாமே பிளாஸ்டிக்தான், அதனால 6,000ல 3,000 போச்சு. பெயின்ட் பில்லுல கால் பங்கை மெட்டீரியல்னு எடுத்து அதுல பாதியைக் கழிப்பாங்க. 5,000ல 625 போச்சு. கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் கிடையாது. கடைசியா கம்பல்சரி டிடக்டிபிள், 1,500 சிசி வரைக்கும் வழக்கமா 1,000 ரூபாய். ஆக நம்ம ஆளுக்கு வர்றது 8,375. ஜீரோ டெப் எடுத்திருந்தா தேய்மானம் கழிக்க மாட்டாங்க, 12,000 வந்திருக்கும். அவரோடது ஆறு வருஷத்து கார், ஜீரோ டெப் இல்ல.

அவரோட அடிப்படை பிரீமியம் 9,200. என்சிபி 50. பெருக்கிப் பார்த்தா 11,500, ஜிஎஸ்டியோட 13,570. எட்டாயிரத்துச் சொச்சம் வாங்குறதுக்கு பதிமூணாயிரத்துக்கு மேல கொடுக்கணும். அவர் க்ளைம் போடல. தெரிஞ்ச டிங்கரிங் கடையில விரிசலை ஒட்டி, பட்டி வச்சு, பெயின்ட் அடிச்சு 7,000ல முடிச்சுட்டார். கிட்ட போய் உத்துப் பார்த்தா தெரியும். ரோட்ல போகும்போது யாரும் உத்துப் பார்க்கப் போறதில்ல.

அதே பம்பர் ஜீரோ டெப் இருக்கிற புது கார்ல உடைஞ்சிருந்தா நானே க்ளைம் போடச் சொல்லியிருப்பேன். 12,000 வருது, 5,900 போகுது. தயங்க வேண்டியதே இல்ல. அதனால "சின்ன அடிக்கு க்ளைம் போடாதே"ன்னு பொதுவா சொல்ற அட்வைஸை நான் ஏத்துக்கிறதில்ல. நீங்க எந்தப் படியில நிக்கிறீங்கங்கிறதைப் பொறுத்துத்தான் பதில்.

இன்னொண்ணு. அதே பாலிசி வருஷத்துல ஏற்கனவே ஒரு பெரிய க்ளைம் போட்டுட்டீங்கன்னா உங்க போனஸ் போயாச்சு. ரெண்டாவது சின்ன அடிக்கு இழக்க அங்க ஒண்ணும் மிச்சமில்ல, டிடக்டிபிள் மட்டும்தான். அதே சமயம், சில இடங்கள்ல "வருஷக் கடைசியில எல்லா கீறலையும் சேர்த்து ஒரே க்ளைமா போட்டுடலாம் சார்"னு சொல்வாங்க. ஒவ்வொரு சம்பவமும் தனித்தனி க்ளைம்தான். ஒரே விபத்துன்னு கதை எழுதிக் கையெழுத்துப் போடுறது பொய் வாக்குமூலம். எட்டு மாசத்துக்கு முந்தின அடியில துரு ஏறியிருக்கும், சர்வேயர் கண்ணுக்கு அது நல்லாவே தெரியும். கையெழுத்து உங்களோடது, யோசனை சொன்னவரோடது இல்ல.

என்சிபி ப்ரொடெக்ட்னு ஒரு ஆட் ஆன் இருக்கு. கொஞ்சம் கூடுதலா கட்டினா க்ளைம் போட்டாலும் போனஸ் தப்பும். எத்தனை க்ளைம் வரைக்கும்ங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அந்த வரியைப் படிச்சுட்டு எடுங்க. 50ல இருக்கிறவருக்கு இது அர்த்தமுள்ள செலவு. போனஸே இல்லாதவர் எடுத்தா, இல்லாத வீட்டுக்குப் பூட்டு வாங்கின கதை.

இதுவரைக்கும் பேசினது பணம். இப்ப சொல்லப்போற ரெண்டு இடத்துல இந்தக் கணக்கைப் போடவே கூடாது.

ஒண்ணு, கம்பெனி மாத்தும்போது. ஆன்லைன்ல புது பாலிசி எடுக்கிறப்போ "போன வருஷம் க்ளைம் பண்ணீங்களா?"ன்னு ஒரு கேள்வி வரும். 'இல்லை'ன்னு தட்டினா பிரீமியம் சட்டுனு குறையும். யாரும் அப்பவே கேக்க மாட்டாங்க. ஆனா அங்க நீங்க ஒரு உறுதிமொழி கொடுக்கிறீங்க: இது தப்புன்னு தெரிஞ்சா ஓன் டேமேஜ் பகுதியோட எல்லா பலன்களும் பறிபோக சம்மதம்னு. பழைய கம்பெனிகிட்ட விசாரிச்சா உண்மை வந்துடும். எப்ப தீவிரமா விசாரிப்பாங்க? நீங்க பெரிய க்ளைம் போடும்போது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கார்கள் தண்ணியில நின்னதைப் பார்த்தோம். அந்த மாதிரி ஒரு நாள்ல, நாலாயிரம் ரூபாய் தள்ளுபடிக்காகத் தட்டின ஒரு பொய்யால, கார் மொத்தமும் உங்க தலையில விழும்.

ரெண்டாவது, ஒரு மனுஷனுக்கு அடிபட்டா. சிக்னல்ல ஒரு பைக்கைத் தட்டிட்டீங்க, அவர் எழுந்து நின்னுட்டார், முட்டியில சிராய்ப்பு. "ஒண்ணுமில்ல சார், ஆயிரம் ரூபா கொடுங்க, போயிடுறேன்"னு சொல்றார். கூட்டம் சேருது, ஆபீஸுக்கு லேட். கொடுத்துட்டுக் கிளம்பத்தான் தோணும். ஆனா மோட்டார் வாகனச் சட்டத்தோட 134ஆவது பிரிவு தெளிவா சொல்லுது: காயம்பட்டவருக்கு சிகிச்சை கிடைக்க வழி செய்யணும், போலீஸுக்கு 24 மணி நேரத்துக்குள்ள தகவல் கொடுக்கணும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்துல தெரிவிக்கணும். தலையில பட்ட அடி சில சமயம் மறுநாள்தான் தெரியும். அவர் அப்புறமா கேஸ் போட்டா, உங்க பக்கம் நிக்க வேண்டிய கம்பெனிக்கு அப்படி ஒரு விபத்து நடந்ததே தெரியாது. அதை விடுங்க, அவர் அன்னைக்கே ஆஸ்பத்திரி போயிருக்கணும். அதுதான் முதல் விஷயம்.

சிங்கப்பூர்ல கார் ஓட்டுறவங்களுக்கு இந்தக் குழப்பமே கம்மி. அங்க எவ்வளவு சின்ன மோதலா இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள்ள, இல்லன்னா அடுத்த வேலை நாளுக்குள்ள, கம்பெனிக்குச் சொல்லியே ஆகணும். சொல்றது வேற, க்ளைம் கேக்கிறது வேறன்னு அங்க பழகிட்டாங்க. இங்க டோல் ஃப்ரீ நம்பருக்கு போன் பண்ணின உடனே க்ளைம் நம்பர் ஒண்ணு கொடுத்துடுவாங்க. அப்புறம் நீங்க மனசு மாறினா மெயில்ல எழுதி வாபஸ் வாங்குங்க, பணம் எதுவும் கொடுக்காம மூடியாச்சுன்னு பதில் கேட்டு வாங்கி வைங்க. ரினியூவல் நோட்டீஸ் வந்ததும் என்சிபி எத்தனை சதவீதம்னு போட்டிருக்காங்கன்னு பாருங்க.

போன வாரம் ஒருத்தர் கேட்டிருந்தார்: "அண்ணா, காரை விக்கப்போறேன், என்சிபியும் வாங்கிறவருக்குப் போயிடுமா?" போகாது. போனஸ் உங்களோடது, காரோடது இல்ல. விக்கும்போது கம்பெனிகிட்ட என்சிபி சர்டிஃபிகேட் கேட்டு வாங்கிக்கோங்க, 3 வருஷத்துக்குள்ள அடுத்த கார் எடுத்தா அங்க பயன்படுத்தலாம். அதே காரை வச்சிருக்கிறவங்க, பாலிசி முடிஞ்சு 90 நாளுக்குள்ள ரினியூ பண்ணலன்னா ஒரு கீறல்கூட இல்லாமலே போனஸ் காலி. அந்தத் தேதியை இப்பவே காலண்டர்ல போட்டு வைங்க. அடுத்த எபிசோட்ல ஜீரோ டெப் எத்தனை வருஷம் வரைக்கும் எடுக்கலாம்னு பார்ப்போம்.