வளர்ச்சியும் வகுத்தலும்



வளரும் நாடொன்றில் வருவாய் ஏற்றத்தாழ்வு ஏன் மிகுகிறது, ஏன் குறைகிறது என்பதுபற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். பொதுப்படப் பேசின் பொருள் கைக்கெட்டாது. ஆகவே, தென்னமெரிக்காவின் பிரேசில் நாட்டை எடுத்துக்கொள்கிறேன்.

1955ஆம் ஆண்டு சைமன் குசுநெட்சு என்னும் பொருளியலறிஞர் ஒரு கருத்தை வெளியிட்டார். மக்கள் வயலை விட்டு ஆலைக்குப் பெயருங்கால் ஏற்றத்தாழ்வு முதலில் மிகும்; பின்னர்க் குறையும் என்பது அது. பெரும்பகுதி உய்த்துணர்வே என்று அவரே அடக்கத்துடன் கூறினார். பின்வந்தோர் பலரோ அதனை இயற்கை நெறியாகவே ஆக்கிவிட்டனர். இயற்கை நெறியாயின் ஏழை செய்யக்கூடியது யாது? காத்திருப்பது ஒன்றே.

பிரேசிலின் கதை வேறொன்றைக் கூறுகிறது. அங்கே 1850ஆம் ஆண்டுச் சட்டம், அரசு நிலத்தை விலை கொடுத்தே பெறவேண்டும் என்றது. 1888இல் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலை பெற்றோர்க்கு ஒரு முழ நிலமும் தரப்படவில்லை. கையில் காசில்லாதவனுக்கு நிலமில்லை. நிலமில்லாதவனுக்குக் கூலியே வாழ்வு. ஏற்றத்தாழ்வின் வேர் அங்கே ஊன்றிற்று.

1964இல் படைத்துறை ஆட்சியைக் கைப்பற்றிற்று. 1968 முதல் 1973 வரை நாட்டின் விளைவு ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு வளர்ந்தது. உலகமே வியந்தது. அப்பம் பெருகட்டும், பிறகு பங்கிடலாம் என்பதே அந்நாளைய ஆட்சியின் கொள்கையாகப் பேசப்பட்டது. அப்பம் பெருகிற்று, பங்கு என்னவாயிற்று?

ஏற்றத்தாழ்வை அளக்கக் கினிக் குறியெண் என்று ஓர் அளவுகோல் உண்டு. அனைவர்க்கும் ஒத்த வருவாயாயின் அது 0. எல்லாம் ஒருவனிடமே குவியின் 1. இலாங்கோனி என்னும் அறிஞரின் கணக்கின்படி, 1960இல் ஏறத்தாழ 0.50 ஆக இருந்த அவ்வெண் 1970இல் ஏறத்தாழ 0.57 ஆயிற்று.

கரணியம் யாது? கற்றோர் சிலர்; ஆலைகளின் தேவையோ பெரிது; ஆகவே கற்றோர் ஊதியம் உயர்ந்தது என்றார் இலாங்கோனி. தொழிலாளர் அமைப்புகளை ஒடுக்கிக் குறைந்தளவுக் கூலியின் உண்மை மதிப்பை அரசு தேயவிட்டதே கரணியம் என்றார் பிசுலோ. இரண்டையும் ஒருங்கே நோக்குவோம். 1970இல் அகவை 15 கடந்தோருள் மூவரில் ஒருவர் எழுத்தறியாதவர். எழுத்தறியாதவர்க்கு அந்நாட்டில் 1985 வரை வாக்குரிமையே இல்லை! பள்ளி மறுக்கப்பட்டவனுக்கு வாக்கும் மறுக்கப்பட்டது. வாக்கில்லாதவன் கூலியைக் கேட்பார் யார்? கல்விக் குறையும் கூலிக் குறையும் ஒரே வேரின் இரு கிளைகள்.

இனி, குறைந்த கதையைக் கேளுங்கள். 1988இல் புதிய அரசியல் சட்டம் வந்தது. ஓய்வூதியம் எதுவும் குறைந்தளவுக் கூலிக்குக் கீழ் இருத்தலாகாது என்று அது விதித்தது. உழவர்க்கும் அவ்வுரிமை கிட்டியது. 1993இல் விலையேற்றம் ஆண்டுக்கு 2,000 விழுக்காட்டைக் கடந்திருந்தது. செல்வர் பணம் வைப்பகத்தில் விலைக்கேற்ப வளர்ந்தது; ஏழையின் பணம் மடியிலேயே கரைந்தது. 1994இன் இரெயால் திட்டம் அக்கொள்ளையை நிறுத்திற்று.

2003இல் போல்சா பமிலியா என்னும் குடும்ப உதவித் திட்டம் தொடங்கிற்று. பணம் பெரும்பாலும் தாயின் கையில் தரப்பட்டது. பிள்ளை பள்ளிக்குச் செல்லவேண்டும், தடுப்பூசி போடவேண்டும் என்பன வரையறைகள். நாட்டின் மொத்த விளைவில் ஏறத்தாழ 0.5 விழுக்காடே அந்நாளில் அதற்கான செலவாக இருந்தது. அதே காலத்தில் குறைந்தளவுக் கூலியின் உண்மை மதிப்பு அரைப்பங்குக்கு மேல் உயர்ந்தது. பள்ளிகள் பெருகியமையால் கற்றோர்க்கும் கல்லார்க்கும் இடையிலான ஊதிய வேற்றுமை சுருங்கிற்று. 2001இல் 0.59 அளவில் நின்ற குறியெண், 2014இல் 0.52 அளவுக்கு இறங்கிற்று. அவ்விறக்கத்தின் பெரும்பங்கு உதவிப்பணத்தால் வந்ததன்று. உழைப்பின் ஊதியத்தால் வந்தது. இதனை நெஞ்சிற் பொறியுங்கள்.

எனினும் பணி முற்றவில்லை. 1996 முதல் கால் நூற்றாண்டுக்கும் மேலாக, குழும உரிமையாளர் பெற்ற ஆதாயப் பங்குக்கு அங்கே வருமான வரி இல்லாதிருந்தது. ஏழை வாங்கும் பொருளுக்கோ வரியுண்டு. ஆகவே உச்சியில் குவிந்த செல்வம் அசையவில்லை. 2015, 2016 ஆகிய ஈராண்டுகளில் நாட்டின் விளைவு சுருங்கி வேலையின்மை பெருகவே, ஏற்றத்தாழ்வு மீண்டும் தலைதூக்கிற்று.

அன்பர்களே! மேடும் பள்ளமும் ஊழால் வந்தவை அல்ல. நிலச்சட்டம், கூலிச்சட்டம், வரிச்சட்டம், பள்ளி, வாக்கு ஆகிய ஐந்துமே அவற்றை ஆக்கின. அவையே குறைக்கவும் செய்தன. இயற்றல், ஈட்டல், காத்தல் என அரசின் கடமைகளை அடுக்கிய வள்ளுவப் பெருந்தகை, வகுத்தலை இறுதியில் வைத்து முடித்தார். முன்னைய மூன்றும் நிறைவுறுவது அந்நான்காவதால்தான். வளர்ச்சிக் கணக்கை எவர் காட்டினும், "வகுத்த கணக்கு எங்கே?" என்று கேளுங்கள். கேட்கக் கற்பிப்பதே கல்வி.