படம் பார்த்துச் சொல்லுதல்

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகப் பாடசாலை மண்டபத்தில் நடைபெற்ற புகைப்படக் கண்காட்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இயற்கைப் படங்களையும் அரூபப் படங்களையும் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தார்கள். படம் எடுக்கும் விதத்தைச் சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். கைத்தொலைபேசியே பாதியைச் சொல்லித்தந்துவிடுகிறது. எடுத்த படத்தைப் பார்த்து மற்றவர் என்ன சொல்வது, எடுத்தவர் அதை எப்படிக் கேட்பது என்பதைச் சொல்லித்தரத்தான் ஆள் குறைவு. அதைப் பற்றியே பேசப் போகிறேன்.

இந்த மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். காதில் விழுந்தவை இரண்டே வசனங்கள். பறவைகளுக்கும் கடற்கரைகளுக்கும் முன்னால், “நல்ல வடிவாய் இருக்குப் பிள்ளை.” கிடுகு வேலியின் நிழலையும் ஆனையிறவு உப்பளத்தின் வெள்ளைப் படிவையும் கிட்டவாக எடுத்த படங்களுக்கு முன்னால், “இது என்னது பிள்ளை?” இரண்டும் அன்பாகச் சொன்னவைதான். ஆனால் அவற்றைக் கேட்ட பிள்ளைக்கு அடுத்த படத்தை எப்படி எடுப்பது என்று ஒரு நூல் அளவும் தெரியவராது.

நாங்கள் படத்தில் குறை சொல்லத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களில் எத்தனையோ பேர் அல்பங்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். திரும்பிப் போனபோது வீடே இல்லாதவர்களும் உண்டு. அதற்கு முன்னரான பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு பற்றரிக்கே வழியில்லை. இப்படி வாழ்ந்த சனத்துக்கு எந்தப் படமும் ஒரு பொக்கிஷம். பொக்கிஷத்தில் யார் குறை பார்ப்பார்கள்?

ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் தோழிகளுக்கும் ஒன்று சொல்லவேண்டும். சரசாலைக் குருவிக்காட்டின் படம் ஒன்றை இங்கிருந்து அனுப்பினால் “எங்கட ஊர்!” என்று கண் கலங்கிப் பதில் எழுதுகிறீர்கள். எழுதுங்கள். ஆனால் அது ஊருக்குக் கிடைத்த பாராட்டு. படத்துக்கு என்று இன்னும் ஒரு வரி சேர்த்து எழுதினால் அந்தப் பிள்ளைக்குப் பெரிய உதவி.

இயற்கைப் படத்துக்கு வருவோம். அதைப் பார்க்கும்போது அழகுக்கு முன்னர் கேட்கவேண்டியது, இது உண்மையா என்பது. உலகப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு, பிரித்தானிய அரச புகைப்படச் சங்கம், அமெரிக்கப் புகைப்படச் சங்கம் ஆகிய மூன்றும் போட்டிகளில் இயற்கைப் படம் என்பதற்குப் பொதுவான ஒரு வரைவிலக்கணத்தை ஏற்றிருக்கின்றன. அதன்படி படத்தில் எதையும் புதிதாகச் சேர்க்கவோ இருந்ததை அகற்றவோ கூடாது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம், ஓரத்தை வெட்டலாம். உயிரினத்தின் நலனே படத்திலும் பெரிது.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் வனவிலங்குப் படப் போட்டியில் 2017ஆம் ஆண்டு பரிசு பெற்ற படம் ஒன்று. பிரேசிலில் இரவு நேரம். ஒளிரும் கறையான் புற்றடியில் ஓர் எறும்புண்ணி. உற்றுப் பார்த்த சிலர், அந்த விலங்கு ஒரு பூங்கா வாசலில் இருக்கும் பாடம் செய்யப்பட்ட எறும்புண்ணி போல இருக்கிறதே என்று அருங்காட்சியகத்துக்கு அறிவித்தார்கள். நிபுணர்கள் உரோமக் கோடுகளை ஒப்பிட்டுப் பார்த்து இரண்டும் ஒன்றே என்றார்கள். எடுத்தவர் மறுத்தார், ஆனாலும் 2018இல் பரிசு பறிக்கப்பட்டது. நடுவர்களுக்குத் தட்டுப்படாதது பார்வையாளருக்குத் தட்டுப்பட்டிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் பாடம் செய்த விலங்கை யாரும் தூக்கித் திரிவதில்லை. எங்கள் சிக்கல் வேறு. பூநாரைகள் எங்கள் கடல்நீரேரிகளுக்கு வரும் காலத்தில் கூட்டம் முழுவதும் எழும்பிப் பறக்கும் படங்கள் நிறைய வருகின்றன. பார்க்க அற்புதம். அப்போது நாங்கள் கேட்கவேண்டிய கேள்வி: “அவை ஏன் பறந்தன?” தானாக எழும்பினவா, அல்லது யாரும் சேற்றுக்குள் ஓடினார்களா, ட்ரோன் விட்டார்களா? தலையைத் தண்ணீருக்குள் விட்டு இரை தேடும் பறவைகள் எல்லாம் ஒன்றாகத் தலை நிமிர்ந்து ஒரே பக்கம் பார்த்தால், எடுத்தவர் வேண்டியதற்கு மேலாக நெருங்கிவிட்டார் என்று படமே சொல்லிவிடும். நீண்ட தூரம் பறந்து வந்து இரை தேடும் பறவையை எழுப்பிக் கலைப்பது அதன் சாப்பாட்டைப் பறிப்பதுதான்.

ஆட்காட்டியின் கூட்டுப் படமும் அப்படித்தான். அது தரவையில் வெறும் நிலத்தில் முட்டையிடுவது. சிறு கற்களுக்கிடையில் முட்டை தெரியாது. உச்சி வெயிலில் தாய் நிழல் கொடுத்து நிற்கும். வயிற்றிறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். அதை விரட்டிவிட்டு அரை மணித்தியாலம் நின்று எடுத்த படத்துக்கு “வடிவு” என்று சொன்னால், அடுத்த கூட்டையும் தேடிப் போகச் சொன்னதாகவே ஆகும். சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அறிவித்தது சட்டம். காப்பது அங்கே போகிறவரின் கால்கள்.

இனி “இது என்னது பிள்ளை?” வகைப் படங்கள். இவை எங்கள் நாட்டுக்கும் புதியவை அல்ல. 1944இல் மறைந்த லயனல் வென்ற், தென்னையையும் கடற்கரையையும் எடுத்த அதே கையால், ஒளியும் இருளும் தலைகீழாகும்படி இருட்டறையில் மாற்றிய படங்களையும் செய்தார்.

இந்த வகைப் படத்தில் பொருள் எது என்று கேட்பது விடுகதைக்குப் பதில் கேட்பது போல. பதில் கிடைத்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுவோம். அதற்குப் பதிலாக, உங்கள் கண் எங்கே முதலில் போனது, பிறகு எப்பக்கம் நகர்ந்தது, எங்கே தடக்குப்பட்டது என்று சொல்லுங்கள். “இடது மூலையில் உள்ள வெள்ளைப் புள்ளி என்னை இழுத்துக்கொண்டே இருக்கிறது” என்பது எடுத்தவளுக்குப் பயன்படும் ஒரு வசனம். படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள்; பொருள் மறைந்து, பாரம் எந்தப் பக்கம் கூடியிருக்கிறது என்பது தெரியும். “ட” வடிவில் வெட்டிய இரண்டு மட்டைகளைப் படத்தின்மேல் வைத்து நகர்த்தினால் எந்த ஓரத்தை வெட்டலாம் என்று வாய் திறக்காமலே காட்டலாம். எங்கள் ஊரில் இன்னொரு கவனமும் வேண்டும். வெடித்த குளத்து மண்ணின் படத்தைக் கண்டு ஒருவருக்கு வேறொரு நிலம் ஞாபகம் வரும். அது அவருடைய உண்மை, சொல்லட்டும். ஆனால் “எனக்கு இப்படித் தோன்றுகிறது” என்று சொல்லட்டும். “நீ இதைத்தான் சொல்லியிருக்கிறாய்” என்று பிள்ளையின் தலையில் ஏற்றவேண்டாம்.

கேட்பவருக்கு ஒரு கதை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் அல்பிரட் ஸ்ரீக்லிற்ஸ். 1922 அளவில் எழுத்தாளர் ஒருவர், இவருடைய படங்களின் வலிமை எதிரே இருக்கும் ஆட்களை வசியம் செய்வதால் வருகிறது என்ற கருத்தில் எழுதினார். நாற்பது ஆண்டுகள் உழைத்தவருக்கு இது நியாயமான பேச்சல்ல. அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை, கமராவை வானத்துக்குத் திருப்பினார். மேகத்தை யார் வசியம் செய்யமுடியும்? அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. முதல் தொகுதிக்கு இசை என்றே பெயர் வைத்தார். பின்னர் பல ஆண்டுகள் மேகங்களையே எடுத்தார். அரூபப் புகைப்படத்தின் தொடக்கங்களில் ஒன்றாக இன்று அவற்றைச் சொல்கிறார்கள். பிழையான விமர்சனத்திலிருந்தும் வேலை எடுக்கலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி இவர்தான்.

ஆகவே தங்கைமாரே, உங்கள் படத்தைப் பற்றி மற்றவர் பேசும்போது விளக்கம் சொல்ல அவசரப்படவேண்டாம். “அண்டைக்கு மழை, அதுதான்” என்று தொடங்கினால் சொல்ல வந்தவர் அடங்கிவிடுவார். கொப்பியில் எழுதுங்கள். மூன்று பேர் ஒரே மூலையைக் காட்டினால் அந்த மூலையில் ஏதோ இருக்கிறது. ஒருவர் மட்டும் சொன்னதை ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் பிடிக்காவிட்டால் விடுங்கள்.

ஒரு வகைப் பேச்சை மட்டும் கொப்பியில் எழுதவேண்டாம். “தனியாகவோ போனனீ?” “பொம்பிளைப் பிள்ளைக்குச் சேத்துக்குள்ள என்ன வேலை?” மணற்காட்டு மணல்மேட்டில் விடியற்காலையில் எடுத்த படத்துக்கு இந்த மண்டபத்திலேயே இந்தக் கேள்வி எழுந்தது. துணைக்கு ஆள் கூட்டிப் போவது நல்ல யோசனைதான். ஆனால் அது படத்தைப் பற்றிய கருத்தல்ல. எங்கள் காலத்தில் கமரா வாங்கிய அக்காமார் சிலர் அதை அலுமாரிக்குள் வைத்ததற்கு இந்தக் கேள்விதான் காரணம். அவர்களில் இருவர் இன்று இந்தச் சபையில் இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன், சிரிப்பில் தெரிகிறது.

இனி விளக்கை அணைக்கச் சொல்லியிருக்கிறேன். முதலாவது படம் திரையில் வரும். எடுத்தவரின் பெயர் கடைசியில்தான் வரும். “வடிவு” என்ற சொல்லை அடுத்த ஒரு மணித்தியாலத்துக்குத் தடை செய்கிறோம். கண் முதலில் எங்கே போனது என்று முன்வரிசையின் இடது பக்கத்திலிருந்து சொல்லத் தொடங்குங்கள்.