கணினித் தம்புராவுக்கு ஜீவா

மார்கழி பிறந்துவிட்டால் அச்சரப்பாக்கத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் விடியலுக்கு முன்பே கோயிலில் கூடித் திருவெம்பாவை பாடுவார்கள். அவர்களுக்குச் சுருதி கொடுக்கப் போன வருடம் என் மடிக்கணினியில் ஒரு தம்புரா செய்தேன். அதற்கான மென்பொருள் சிந்தசைசர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒரு கட்டை சுருதி, அதாவது 131 ஹெர்ட்ஸ். வழுவழுவென்று ஒரு சைன் அலையை வைத்தேன். ஹெட்போனில் தேனாக இருந்தது. கோயில் கூம்பு ஒலிபெருக்கியில் போட்டால் ஒன்றுமே கேட்கவில்லை! தாழ்ந்த ஒலியைக் கூம்பு வெளியே விடாது. சைன் அலையிலோ அந்த ஒரு அதிர்வைத் தவிர வேறு எதுவும் கிடையாது. பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சி. வி. ராமன் 1921-இல் வீணை, தம்புரா பற்றி எழுதியது நினைவுக்கு வந்தது. கம்பியை மீட்டும் புள்ளி எந்த மேல்சுரத்துக்கு (அடிப்படை அதிர்வின் மடங்குக்கு) அசையாப் புள்ளியோ, அந்த மேல்சுரம் ஒலிக்காது என்பது பழைய விதி. தம்புராவில் அதுவும் கணீரென்று கேட்கிறது என்று காட்டினார் ராமன். காரணம், கம்பியைத் தாங்கும் குதிரையின் வளைந்த முதுகும், கம்பிக்கு அடியில் செருகிய நூலும். அந்த நூல்தான் ஜீவா. அதை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, சரியான இடத்தில் நிறுத்தினால் கம்பி குதிரையை உரசி உரசி அதிரும்; மேல்சுரங்கள் பூக்கும்.

கணினியில் நூலுக்கு எங்கே போவது? சைனை எடுத்துவிட்டு, எல்லா மேல்சுரங்களும் நிறைந்த ரம்பப்பல் அலையை வைத்தேன். அதன் மேல், மேல்சுரங்களை மறைக்கும் ஒரு ஃபில்டர். மீட்டியதும் அது மூடியே இருக்க வேண்டும். கால் விநாடியில் மெல்லத் திறந்து, மூன்று நான்கு விநாடியில் மறுபடி மூட வேண்டும். என் நூல் அந்தத் திறப்புதான். ஒரு நிலையில் அசையாமல் நிற்கும் ஒலி எவ்வளவு இனிமையானாலும் தம்புரா ஆகாது. ஒரே ஸட்ஜத்தில் ஒலிக்கும் இரண்டு நடுக் கம்பிகளான சாரணியையும் அனுசாரணியையும் சுருதியில் இரண்டே சென்ட், அதாவது அரைச்சுரத்தில் நூறில் இரண்டு பங்கு, விலக்கி வைத்தேன். ஆறேழு விநாடிக்கு ஒரு முறை ஒலி மூச்சு விட்டது.

நான்கு கம்பிகளும் சேர்ந்தால் அளவு மீறிக் கரகரக்கும். அதனால் ஒவ்வொன்றையும் 12 டெசிபல் குறைத்தேன். பலர் முதலில் தேடுவது ரிவெர்பைத்தான். நான் தொடவில்லை, மண்டபமே எதிரொலிக்கும்போது அது எதற்கு?

மறுநாள் கூம்பில் 131 அப்போதும் வரவில்லை. ஆனால் 393, 524, 655 என்று மேல்சுரங்கள் வந்தன. அவை வந்துவிட்டால் இல்லாத ஸட்ஜத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். முன்வரிசையில் ஒரு சிறுமி கண்ணை மூடிக்கொண்டு 'ஸா' பிடித்தாள். திருச்சி சாலை லாரிகள் இரைந்துகொண்டிருந்தும் அவள் விலகவில்லை.

பஞ்சமக் கம்பி மட்டும் இன்னும் கொஞ்சம் இரைகிறது. இன்று இரவு அதன் ஃபில்டரோடு உட்கார வேண்டும்.