படத்திற்கு முன் ஓடும் பெயர்ப் பட்டியல்
(வாசகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சினிமாவில் கதை துவங்குமுன் ஓடுகின்ற பெயர்ப் பட்டியலைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறேன். "இது ஒரு விஷயமா? அந்த நேரத்தில் நாங்கள் நாற்காலியல்லவா தேடிக்கொண்டிருப்போம்!" என்று உங்களில் பலர் நினைக்கலாம். நீங்கள் அதைக் கவனிக்காமல் விட்டாலும், அது உங்கள் மனதில் வேலை செய்யாமல் விடுவதில்லை.

ஆதியில் இப்பட்டியல் பெரும்பாலும் ஒரு கணக்குச் சீட்டாகவே இருந்தது. நடித்தவர் யார், பாட்டு எழுதியவர் யார், முதல் போட்டவர் யார் என்பதற்கு மேல் அதில் அதிகமொன்றுமில்லை. அமெரிக்காவிலேயே பல கொட்டகைகளில், திரைச் சீலையை விலக்காமல் அதன்மீதே பெயர்களை ஓட்டிவிட்டு, கதை வரும்போதுதான் சீலையை விலக்குவார்கள். 1955-ல் ஆட்டோ பிரெமிஞ்சர் எடுத்த 'தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்' என்ற படம் வந்தபோது, "பெயர்கள் வருமுன்பே சீலையை விலக்குங்கள்" என்று படப்பெட்டிகளின் மேல் குறிப்பு எழுதி அனுப்பினார்கள்.

காரணம் என்ன? அப்பகுதியை அமைத்தவர் சால் பாஸ் என்கின்ற விளம்பரச் சித்திரக்காரர். கதையோ போதை மருந்துக்கு அடிமைப்பட்ட ஒருவனைப் பற்றியது. பாஸ் அவன் முகத்தைக் காட்டவில்லை, ஊசியையும் காட்டவில்லை. கறுப்பான திரையில் சில வெள்ளைக் கோடுகள் வந்து வந்து போய், கடைசியில் முறுக்கிக்கொண்ட ஒரு கையாக ஆகின்றன. கூடவே எல்மர் பெர்ன்ஸ்டைனின் ஜாஸ் இசை கேட்கிறது. அவ்வளவில் மனம் கதைக்குத் தயாராகிவிடுகிறது.

அதே பாஸ், 1960-ல் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்திற்குச் செய்ததைப் பாருங்கள். கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்கின்றன; பெயர்கள் துண்டுபட்டு, ஒட்டி, மறுபடியும் துண்டாகின்றன. பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டுமே வைத்து இசை அமைத்தார். கத்தியில்லை, இரத்தமில்லை, பிணமுமில்லை. பிறகு கதையில் ஒரு பெண் 40,000 டாலரை எடுத்துக்கொண்டு மோட்டாரில் போகிறாள். கொலை விழுவது வெகு நேரத்திற்குப் பின்தான். ஆனாலும் அவள் சும்மா வண்டி ஓட்டும்போதே நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஏன்? பெயர்ப் பட்டியலில் கேட்ட அதே இசை அங்கே திரும்பவும் கேட்கிறது! பயப்படக் காரணம் ஏதும் கண்ணெதிரே இல்லாதபோதே, சுமார் இரண்டு நிமிஷக் கோட்டையும் சத்தத்தையும் கொண்டு ஒரு கொட்டகை ஜனங்களைப் பயப்படுத்திவிட முடியுமானால், மனித மனம் எவ்வளவு சுலபத்தில் வசப்படக்கூடியது என்பதை யோசித்துப் பாருங்கள்.

இந்த வித்தை நம் நாட்டிற்கும் புதிதல்ல. 1992-ல் வந்த 'அண்ணாமலை' படத்தில் வெளிச்சப் புள்ளிகள் ஒவ்வோர் எழுத்தாகச் சேர்ந்து 'சூப்பர் ஸ்டார்' என்று ஆகி, அதன்பின் ரஜினி என்ற பெயர் வரும். தேவாவின் இசை அதிரும். பின்னால் அவருடைய படங்கள் பலவற்றிலும் இது தொடர்ந்தது. கதையில் அவர் ஒரு பால்காரர். ஆனால் பால்காரர் மாட்டண்டை போகுமுன்பே கொட்டகையில் கைதட்டலைக் கறந்தாகிவிட்டது!

இரண்டும் கெட்டிக்காரத்தனமான வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். பாஸின் கோடுகள் கதையின் தன்மைக்கு நம்மைத் தயார் செய்கின்றன. மற்றதோ ஆளுக்கு நம்மைத் தயார் செய்கிறது. முன்னதில், கதை அந்தப் பயத்துக்குப் பின்னால் கணக்குக் காட்டியாக வேண்டும். பின்னதில் கணக்கு கேட்கும் புத்தியே கைதட்டலோடு போய்விடுகிறது.

ஆகையால் படம் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் பாருங்கள், முதல் இரண்டு நிமிஷத்தையும் சேர்த்துப் பாருங்கள். "என் மனதில் இப்போது உண்டான எண்ணம் எதைக் கண்டு உண்டாயிற்று? விஷயத்தைக் கண்டா, மேளத்தைக் கேட்டா?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பழக்கம் கொட்டகைக்கு வெளியேயும் உதவும்.

கடைசியாக ஒன்று. சற்றுமுன் தலைவர் என்னைப் பற்றி அதிகமாகப் புகழ்ந்தாரல்லவா? அதுவும் ஒரு பெயர்ப் பட்டியல்தான்! அதை மறந்துவிட்டு, நான் சொன்னதை மட்டும் உங்கள் சொந்த அறிவைக்கொண்டு யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.